டயாலிசிஸ் நாளும் வேலை நாளும்: இ.எஸ்.ஐ. பணத்தை இழக்காமல் வேலைக்குத் திரும்புவது எப்படி?

கேள்வி: என் கணவருக்கு வயது 43. சூளகிரியில் குடியிருக்கிறோம். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு ஆண்டுகளாக மெஷின் ஆபரேட்டர். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். பிப்ரவரியில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பரிந்துரையின் பேரில் ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ் நடக்கிறது. முதல் 91 நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் வந்தது. மே மாதத்தோடு நின்றுவிட்டது. “அவ்வளவுதான் முடிந்தது” என்றார்கள். ஜூலைக்குப் பிறகு ஓய்வுச் சான்று வாங்குவதையும் விட்டுவிட்டோம். நடுவில் சில நாள் என் தம்பியின் மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தார். இப்போது உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. வீட்டிலேயே இருந்தால் மனம் கெட்டுவிடும் என்கிறார். கம்பெனியில் இரண்டு வழி சொல்கிறார்கள். வாரம் ஆறு நாளும் காலையில் அரை நாள் வந்துவிட்டு மதியம் டயாலிசிஸுக்குப் போகலாம், பாதிச் சம்பளம். இல்லையென்றால் ராஜினாமா எழுதிக்கொடுத்து பி.எஃப். பணத்தை எடுத்துக்கொள்ளலாம், பிறகு ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்த்துக்கொள்வார்கள். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேட்டால், “உடல் தகுதிச் சான்று இல்லாமல் வேலைக்குப் போகக் கூடாது, வாங்கிவிட்டால் இனிப் பணம் கிடையாது” என்கிறார்கள். குறைந்த நேரம் வேலை பார்த்துக்கொண்டே ஏதாவது உதவித்தொகை பெற முடியுமா? பிளஸ் டூ படிக்கும் மகள் இருக்கிறாள். வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. அந்த ராஜினாமாக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கெனவே எழுதிக்கொடுத்து, நிர்வாகம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், திரும்பப் பெறுவதாக இன்றே எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்தில் வேறு எதையும் நீங்கள் படிக்காமல் விட்டாலும் இதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, மே மாதத்தோடு நின்ற பணம். அது முடிந்துபோன விஷயம் இல்லை. சாதாரண நோய்க்குத்தான் 91 நாள் என்ற எல்லை. அந்த நாள்களுக்கு சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள். அதற்கு மேல் நீட்டித்த நோய்க்காலப் பணப்பலன் என்று ஒன்று இருக்கிறது. புற்றுநோய், காசநோய், பக்கவாதம் என 34 நீண்டகால நோய்களுக்கு இது பொருந்தும். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. விகிதமும் குறையாது, 80 சதவீதமாக உயரும். இரண்டு ஆண்டு வரை நீட்டிக்க இடம் உண்டு. இதற்கு இரண்டு தகுதிகள் பார்ப்பார்கள். நோய் தொடங்கியபோது இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 156 நாளாவது சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பதினொரு ஆண்டு வேலை பார்த்தவருக்கு இரண்டும் இருக்கும் என்றே நம்புகிறேன். சம்பளச் சீட்டுகளில் இ.எஸ்.ஐ. பிடித்தம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 18,000 ரூபாயை 30 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 600. அதில் 80 சதவீதம் 480. மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை சுமார் 150 நாள் என்று வைத்துக்கொண்டால் 72,000 ரூபாய். உங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய இந்தப் பணத்தை யாரோ அவசரத்தில் சொன்ன ஒற்றை வார்த்தையால் நீங்கள் கேட்காமலே இருந்துவிட்டீர்கள். இதைப் படித்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பணப்பலன் சேர வேண்டிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும் என்பது பொதுவான வரம்பு. நீங்கள் இன்னும் அதற்குள்தான் இருக்கிறீர்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஜூலை வரை ஓய்வுச் சான்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாள்களுக்குச் சிக்கல் இல்லை. அதற்குப் பிந்தைய நாள்களுக்கு, இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றுக்குப் பதிலாக வேறு மருத்துவ ஆதாரத்தைப் பரிசீலிக்க விதிகளில் வழி இருக்கிறது. உங்கள் கணவரின் விஷயத்தில் ஆதாரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் மருத்துவமனையில் ஒரு பதிவுத்தாள் உண்டு. எந்த நாள், எத்தனை மணி நேரம், முன்னும் பின்னும் உடல் எடை, ரத்த அழுத்தம் எல்லாம் அதில் இருக்கும். ஜூலை முதல் இன்றுவரை உள்ள தாள்களின் நகல்களை மொத்தமாகக் கேட்டு வாங்குங்கள். கூடவே, இந்தக் காலம் முழுவதும் இவர் வேலை செய்யும் நிலையில் இல்லை என்று சிறுநீரக மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். மருத்துவர் தம் மனசாட்சிப்படி எந்தத் தேதிவரை அப்படி எழுதுகிறாரோ அதுவரை கேளுங்கள். அதற்கு மேல் வற்புறுத்த வேண்டாம்.

உங்கள் தம்பியின் கடை விஷயத்தை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. வேலை செய்த நாளுக்கு நோய்க்காலப் பணம் கிடையாது என்பது விதி. உறவினர் கடை, கூலி வாங்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்ததும் வேலை என்றே எடுத்துக்கொள்ளப்படலாம். அந்த நாள்கள் எவை என்று நினைவுபடுத்தி, அவற்றை விட்டுவிட்டு மற்ற நாள்களுக்குக் கேளுங்கள். சில நாள் பணம் போனால் போகட்டும். பொய்யான தகவல் தந்தார் என்ற பெயர் ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பார்கள், வழக்கும் வரலாம். அதற்குப் பிறகு அவர் கொண்டுபோகும் ஒவ்வொரு சான்றையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். இன்னும் பல ஆண்டு இந்த அலுவலகத்தோடு உறவு வேண்டியவர் அவர்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். குறைந்த நேரம் வேலை செய்து, குறைந்த சம்பளத்துக்கு ஈடாக மீதியை அரசு தரும் முறை சில வெளிநாடுகளில் இருக்கிறது. நம் இ.எஸ்.ஐ. திட்டத்தில் அது இல்லை. இங்கே கணக்கு மணி நேரத்தில் இல்லை, நாளில்தான். ஒரு நாளை எடுத்துக்கொண்டால், மருத்துவர் ஓய்வு தேவை என்று சான்று தந்திருக்க வேண்டும், அவர் வேலை செய்திருக்கக் கூடாது, சம்பளத்துடன் கூடிய விடுப்பிலும் இருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் அந்த நாளுக்குப் பணம் உண்டு. அரை மணி நேரம் வேலை பார்த்தாலும் அது வேலை பார்த்த நாள்தான்.

இதைப் புரிந்துகொண்டால் கம்பெனி சொல்லும் ஆறு அரை நாள் ஏற்பாடு உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்பது தெரிந்துவிடும். ஆறு நாளும் காலையில் போய் வந்தால் ஆறு நாளும் வேலை நாள். டயாலிசிஸ் செய்துகொண்ட நாளுக்குக்கூட ஒரு ரூபாய் வராது. மாதம் 9,000 ரூபாயோடு நின்றுவிடும். வீட்டிலிருந்து நீட்டித்த பணப்பலன் வாங்கினால் மாதம் 14,400 வரும். அதாவது உடம்பை வருத்திக்கொண்டு வேலைக்குப் போய், ஓய்வில் இருப்பதைவிட 5,400 ரூபாய் குறைவாக வாங்குவார். தீமை அதோடு நிற்பதில்லை. அடுத்து வரும் காலங்களில் நோய்க்காலப் பணத்தைக் கணக்கிடும்போது, சம்பளத் தொகையைச் சம்பளம் பெற்ற நாள்களால் வகுத்துத்தான் தினச் சராசரி எடுப்பார்கள். பாதிச் சம்பளம் வாங்கிய நாள்கள் முழு நாளாகப் பதிவாகிக்கொண்டே போனால் 600 என்ற சராசரி 300க்கு இறங்கும். பின்னால் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை என்று மாதக்கணக்கில் படுக்க நேர்ந்தால், அந்த 300தான் அடிப்படையாக வந்து நிற்கும்.

கம்பெனியில் கெட்ட எண்ணத்தில் இதைச் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. உதவி செய்வதாகவே நினைத்திருப்பார்கள். ஆகவே சண்டைக்குப் போகாமல், மாற்று ஏற்பாட்டை எழுதிக் கொண்டுபோங்கள்.

நான் சொல்லும் ஏற்பாடு இது: திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் முழு ஷிப்ட் வேலை. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ் நாள்கள், அன்று கம்பெனி வாசலையே மிதிக்க வேண்டாம், அந்த நாள்களுக்கு ஓய்வுச் சான்று. வாரத்தில் 3 நாள் சம்பளம் 1,800, 3 நாள் இ.எஸ்.ஐ. பணம் 1,440, மொத்தம் 3,240. ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் கணக்கிடும் நிறுவனமாக இருந்தால் 3,840. மாதத்துக்குப் பார்த்தால் முதல் கணக்கில் ஏறத்தாழ 13,900, இரண்டாவதில் 16,400க்கு மேல். பிடித்தங்கள் போகச் சற்றுக் குறையும்.

வீட்டிலிருந்தால் 14,400, பாதி வாரம் வேலைக்குப் போனால் 13,900 என்றால் எதற்காகப் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. போகலாம் என்று நான் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. நீட்டித்த பணப்பலனுக்கு நாள் எல்லை இருக்கிறது. வாரம் ஏழு நாளும் எடுத்தால் விரைவில் தீரும், மூன்று நாள் மட்டும் எடுத்தால் இருப்பு நீடிக்கும். டயாலிசிஸ் ஆறு மாதத்தில் முடிகிற சிகிச்சை இல்லை என்பதால் இந்த இருப்பு அவருக்குப் பெரிய சொத்து. நோய்க்கால விடுப்பில் இருப்பவரை நிர்வாகம் வேலைநீக்கம் செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் விடுப்பு இடைவெளியே இல்லாமல் மாதக்கணக்கில் நீளும்போது அந்தப் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை வரும். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே வேலை நாள்கள் விழுந்துகொண்டிருப்பது நல்லது. பி.எஃப். சந்தாவும் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் இருந்தால் மனம் கெட்டுவிடும் என்று அவரே சொல்கிறார். டயாலிசிஸ் நோயாளிகளை மனச்சோர்வு எளிதில் பிடித்துக்கொள்கிறது. வேலைக்குப் போக வேண்டும் என்று ஒருவர் தாமாக ஆசைப்படுவதைக் குடும்பமும் கம்பெனியும் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

அரை நாள் வேலையில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கம்பெனி பஸ் ஷிப்ட் நேரத்துக்குத்தான் ஓடும். மதியம் வெளியே வந்தால் சிப்காட்டிலிருந்து ஓசூர் பஸ் நிலையம், அங்கிருந்து மருத்துவமனை, நாலு மணி நேரம் டயாலிசிஸ், பிறகு இருட்டில் கிருஷ்ணகிரி பஸ்ஸில் நின்றுகொண்டு சூளகிரி. டயாலிசிஸ் முடிந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவது பலருக்கும் உண்டு. மூன்று முழு நாள் ஏற்பாட்டில் வேலை நாளில் கம்பெனி பஸ்ஸிலேயே போய் வந்துவிடலாம்.

ஒருவேளை எட்டு மணி நேரம் அவரால் தாங்க முடியாது என்று மருத்துவர் நினைத்தால், அந்த மூன்று வேலை நாள்களில் மட்டும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளக் கேளுங்கள். டயாலிசிஸ் நாள்களைத் தொட விடாதீர்கள். மூன்று நாள்கூட முடியாது என்றால் இன்னும் சில மாதம் முழு ஓய்வில் இருந்து 80 சதவீதம் வாங்கட்டும். அதில் எந்த இழுக்கும் இல்லை. ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து சந்தா பிடித்துக் கட்டிய காப்பீடு அது.

மருந்தகத்தில் சொன்ன “தகுதிச் சான்று வாங்கிவிட்டால் பணம் கிடையாது” என்பது பாதி உண்மை. தகுதிச் சான்று அந்த ஓய்வுக் காலத்தை மட்டுமே முடித்து வைக்கிறது. உரிமையை முடிப்பதில்லை. திரும்ப ஓய்வு தேவைப்பட்டால் புதிய சான்றோடு புதிய ஓய்வுக் காலம் தொடங்கும். பொதுவாக ஒவ்வொரு புதிய ஓய்வுக் காலத்திலும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் தர மாட்டார்கள். பலர் இங்கேதான் மனம் தளர்ந்துவிடுகிறார்கள், ஒரு நாள் ஓய்வுக்கு எதுவும் வராது என்று. ஆனால் கடைசியாகப் பணம் பெற்ற ஓய்வுக் காலத்துக்கும் இதற்கும் இடைவெளி 15 நாளுக்கு மேல் போகவில்லை என்றால் அந்த இரண்டு நாள் கழிவு கிடையாது. உங்கள் கணவருக்கு இடைவெளி ஒன்றிரண்டு நாள்தான். அதனால் கழிவுப் பேச்சு எழ வேண்டியதே இல்லை. எழுந்தால் இந்த 15 நாள் விதியைச் சொல்லுங்கள்.

இந்த ஏற்பாட்டைத் தொடங்கும் முன்பே இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் பேச வேண்டும். சிறுநீரக மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை, அன்று முழு நாள் ஓய்வு ஏன் தேவை, மற்ற நாள்களில் எந்த மாதிரி வேலை செய்யலாம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்தது) போட்ட கையால் பாரம் தூக்கக் கூடாது, அந்தக் கையில் அடிபடக் கூடாது என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். மெஷினில் கனமான பாகங்களை ஏற்றி இறக்கும் வேலையாக இருந்தால் ஆய்வுப் பிரிவுக்கோ ஸ்டோருக்கோ மாற்றும்படி கேட்க அந்தக் கடிதம்தான் கைகொடுக்கும். இரவு ஷிப்ட் வேண்டாம் என்பதும் அதிலேயே வரட்டும். இ.எஸ்.ஐ. மருத்துவர் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு வாரா வாரம் அந்த மூன்று நாள்களுக்குச் சான்று தர ஒப்புக்கொண்ட பிறகே வேலையில் சேரும் தேதியை முடிவு செய்யுங்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். எழுதித் தர வேண்டும் என்றவுடன் பலரும் விதியை இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பார்கள்.

இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம், சான்று வந்த நாள்களில் இவர் வேலைக்கு வந்தாரா என்று கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்க்கும். கம்பெனியின் வருகைப் பதிவும் மருத்துவச் சான்றும் ஒரு நாள்கூட முரண்படக் கூடாது. யாராவது நல்லெண்ணத்தில் “செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் வந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போ” என்றால் மறுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு சிறிய நோட்டில் தேதிவாரியாக வேலை, டயாலிசிஸ், விடுமுறை என்று நீங்களே எழுதி வையுங்கள். மகளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தாலும் சரி.

அடுத்ததைச் சற்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில்தான் பலர் தெரியாமல் சறுக்குகிறார்கள். இ.எஸ்.ஐ.யில் ஆண்டை இரண்டு பங்களிப்புக் காலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. ஒரு காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா இருந்தால்தான் அதற்குரிய பலன் காலத்தில் சாதாரண நோய்க்காலப் பணம் கேட்க முடியும். அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு உரிய பலன் காலம் அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை. டயாலிசிஸ் போன்ற உயர் சிகிச்சைக்கான தகுதியைப் பார்க்கும்போதும் சந்தா நாள்களை எண்ணுவார்கள். வாரம் 3 நாள் வீதம் 26 வாரம் வேலை செய்தால் மிகச் சரியாக 78. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் 77. உங்கள் கணவர் அக்டோபர் கடைசியில் சேர்ந்தால் மார்ச் 31 வரை சுமார் 22 வாரம்தான் இருக்கும். 66 நாள். பன்னிரண்டு நாள் குறைகிறது.

இதை ஈடுகட்ட முடியும். சந்தா எண்ணப்படுவது வேலை செய்த நாளுக்கு மட்டும் அல்ல, சம்பளம் கிடைத்த நாளுக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் உண்டென்றால் கவலையே இல்லை, எண்ணிக்கை தாண்டிவிடும். இல்லையென்றால் பொங்கல், குடியரசு நாள் போன்ற சம்பளத்துடன் கூடிய விடுமுறைகள் சேரும். அவருடைய ஈட்டிய விடுப்பு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று சம்பளப் பிரிவில் கேளுங்கள். பதினொரு ஆண்டுக்காரருக்குக் கணிசமாக இருக்கலாம். குறைகிற நாள்களுக்கு ஏற்ப, சில டயாலிசிஸ் நாள்களில் ஓய்வுச் சான்றுக்குப் பதிலாக ஈட்டிய விடுப்பை எடுத்துக்கொள்ளட்டும். அன்று 480க்குப் பதில் முழுச் சம்பளம் 600 கிடைக்கும், சந்தா நாளும் ஒன்று ஏறும். ஒரே நாளுக்கு இரண்டையும் கேட்கக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பிப்ரவரி வாக்கில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, மார்ச்சில் சரிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது ராஜினாமா. எழுதிக்கொடுத்தால் என்னென்ன போகும் என்று சொல்கிறேன். இ.எஸ்.ஐ.யில் அவர் காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையிலிருந்து விலகியவர் ஆகிறார். ஏற்கெனவே கட்டிய சந்தாவுக்குரிய பலன் காலம் தீர்ந்ததும் மருத்துவ வசதி நிற்கும். வாரம் மூன்று டயாலிசிஸ், உங்களுக்கும் மகளுக்கும் உள்ள சிகிச்சை உரிமை எல்லாம் அதோடு போகும். பிறகு ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்த்தாலும், நீட்டித்த பணப்பலனுக்குத் தேவையான இரண்டு ஆண்டுத் தொடர்ச்சியில் முறிவு விழும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டுதான். ஆனால் அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதை நம்பி இருப்பதைக் கைவிட வேண்டாம். வேலையில் இருக்கும் பி.எஃப். உறுப்பினருக்கு ஏதாவது நேர்ந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை தரும் வைப்புநிதியுடன் இணைந்த காப்பீடு ஒன்று இருக்கிறது. சொல்லவே மனம் வரவில்லை, ஆனாலும் ஒரு மனைவியாக, ஒரு தாயாக நீங்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வேலையை விட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு நிலைக்காது.

பி.எஃப். பணம் கையில் வேண்டுமென்றால் அதற்காக வேலையை விட வேண்டியதில்லை. சிகிச்சைக்காக முன்பணம் எடுக்க பி.எஃப்.பிலேயே வழி இருக்கிறது. ஆதார், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் மூன்றும் அவருடைய யு.ஏ.என். எனும் பி.எஃப். பொதுக் கணக்கு எண்ணோடு சரியாக இணைந்திருந்தால் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனாலும் என் கருத்து, இ.எஸ்.ஐ. நிலுவைத் தொகை வந்து சேரும்வரை பொறுத்திருங்கள். மகளின் கல்லூரிச் சேர்க்கை வரப்போகிறது, அந்தப் பணம் அப்போது தேவைப்படும்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றியும் ஒரு வார்த்தை. கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் அதற்குக் கணக்கு. ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிடுவார்கள். குறைந்த சம்பளத்தில் தொடர்ந்தால் பதினொரு ஆண்டுப் பணிக்கொடையும் பாதியாகிவிடுமோ என்று பயம் வரும். அந்தப் பயம் தேவையில்லை. நோயாலோ விபத்தாலோ முன்பு செய்த வேலையைச் செய்ய இயலாமல் போய், குறைந்த சம்பளத்தில் தொடர்பவருக்கு, இயலாமைக்கு முந்தைய ஆண்டுகளைப் பழைய சம்பளத்திலும், பிந்தைய ஆண்டுகளைக் குறைந்த சம்பளத்திலும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கே பல நேரம் இது தெரிவதில்லை. அதனால்தான் வேலை நாள் குறைக்கப்பட்டது நோயின் காரணமாக என்ற சொற்கள் ஏற்பாட்டுக் கடிதத்தில் இருக்க வேண்டும். “சொந்தக் காரணங்களுக்காக” என்று அச்சடித்த படிவம் நீட்டினால் அதை அடித்துவிட்டு “சிறுநீரகச் செயலிழப்பு சிகிச்சையின் காரணமாக” என்று எழுதிக் கையெழுத்திடட்டும். கடிதத்தில் இன்னும் மூன்று விஷயங்கள் வேண்டும்: எந்தெந்தக் கிழமை வேலை, அந்த நாளுக்கு முழு தினச் சம்பளம், ஏற்பாடு எதுவரை, அதன் பிறகு மறுபரிசீலனை. பணிமூப்பு தொடரும் என்ற வரியையும் சேர்க்க முடிந்தால் சேருங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு முயலச் சொல்லி யாராவது உங்களை அலையவிட்டால் போக வேண்டாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லை.

ஆகவே வேலைகளை இந்த வரிசையில் பாருங்கள். இந்த வாரமே டயாலிசிஸ் பதிவுத்தாள்களும் மருத்துவர் கடிதமும். அவற்றோடு இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் போய் நீட்டித்த பணப்பலனுக்கு அவருடைய பரிந்துரை. பிறகு கிளை அலுவலகத்தில் மே முதலான நிலுவைக்கு எழுத்துமூலமான கோரிக்கை, தேதியிட்ட ஒப்புகையுடன். அப்போதே, இதுவரை எத்தனை நாள் கழிந்தது, எத்தனை நாள் மிச்சம் என்று எழுதித் தரவும் கேளுங்கள். அது முடிந்த பிறகு கம்பெனியில் மூன்று நாள் வேலை பற்றிப் பேச்சு. வரிசை மாறி முதலில் வேலையில் சேர்ந்துவிட்டால், பழைய நிலுவையைக் கேட்கும்போது இவர் எப்போதிலிருந்து நலமாக இருந்தார் என்ற தேவையில்லாத கேள்வி எழும்.

கிளை அலுவலகத்தில் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு சேலத்தில் உள்ள இ.எஸ்.ஐ. துணை மண்டல அலுவலகத்துக்கு மனு அனுப்புங்கள். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி தரச் சட்டம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நீங்களே உங்கள் பெயரில் மனு கொடுக்கலாம். போகும்போது அவருடைய இ.எஸ்.ஐ. அட்டை, கடைசி இரண்டு ஆண்டுச் சம்பளச் சீட்டுகள், பிப்ரவரி முதலான எல்லாச் சான்றுகளின் நகல், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வர வேண்டாம்.